பசை எங்கே வேண்டாம் என்பதிலிருந்து தொடங்குவது

பசைக் குப்பிகளின் மேல் 'மரத்தைவிட வலிமையானது' என்று அச்சடித்திருப்பார்கள். பொய் என்று சொல்ல முடியாது. இரண்டு பலகைகளின் நீள விளிம்புகளைச் சீராக இழைத்து, சாதாரண வெள்ளைப் பசை தடவி, கிளாம்ப் (இறுக்கிப் பிடிக்கும் கவ்வி) போட்டு வைத்து, மறுநாள் மடக்கி உடைத்துப் பாருங்கள். பசைக் கோடு அப்படியே இருக்கும். பக்கத்தில் மரம்தான் கிழிந்திருக்கும். ஆனால் பெட்டி செய்கிறவனுக்கு இந்தத் தகவலால் பெரிய லாபம் இல்லை. பசை விட்டுப்போய்ப் பாழான பெட்டிகளைவிட, பசை விடாமல் பிடித்துக்கொண்டதால் பலகை வெடித்த பெட்டிகளைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

எனக்கு இது தொழில் இல்லை. பகலில் கணக்கு எழுதும் வேலை, மாலையில் மரம். இப்போது கையில் இருப்பது அக்காவுக்கான ஒரு பெட்டி. போர்வை, கம்பளி எல்லாம் மடித்து வைக்க. ஒரு மீட்டர் நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம், 22 மி.மீ. தடிப்பில் மகாகனிப் பலகை. இதற்கு என்ன மூட்டு, என்ன பசை என்று முடிவு செய்ததைத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் மரத்தின் குணம். காய்ந்த மரமும் சும்மா இருப்பதில்லை. காற்றில் ஈரம் ஏறினால் உப்பும், இறங்கினால் சுருங்கும். நீளவாக்கில் இந்த மாற்றம் கண்டுகொள்ள வேண்டாத அளவு. பச்சை மரம் எலும்பாகக் காய்ந்தால்கூட நீளத்தில் 0.1 முதல் 0.2 சதவீதம்தான் குறையும். ஆட்டமெல்லாம் அகலவாக்கில். அதிலும் ஆண்டு வளையங்களின் போக்கில் ஓர் அளவு, நடுவிலிருந்து பட்டையை நோக்கிய ஆரவாக்கில் அதைவிடக் குறைவான ஓர் அளவு. பச்சையிலிருந்து முழுக்கக் காயும்வரை மகாகனி வளையப் போக்கில் 4.1 சதவீதம் சுருங்கும், ஆரவாக்கில் 3.0. தேக்குக்கு 5.8, 2.5. வெள்ளை ஓக்குக்கு 10.5, 5.6. சுருக்கம் தொடங்குவது மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கும்போதுதான். அதனால் அந்த எண்ணை 30-ஆல் வகுத்தால், ஈரம் ஒரு சதவீதம் மாறும்போது எவ்வளவு நகரும் என்பது கிடைத்துவிடும்.

கணக்கு எழுதுகிறவன் என்பதால் இதைப் போட்டுப் பார்க்காமல் எனக்கு ரம்பம் ஓடாது. அறையின் ஈரப்பதம் நாற்பது சதவீதத்துக்குச் சற்று மேலிருந்து 65 சதவீதம் வரை ஏறினால் மரத்தின் ஈரம் ஏறக்குறைய 8-லிருந்து 12-க்குப் போகும். 45 செ.மீ. அகலமுள்ள மூடி, வளையப் போக்கில் அறுத்த மகாகனியாக இருந்தால் இதற்குள் இரண்டரை மில்லிமீட்டர் அகலும். அதே மூடி தேக்கில் மூன்றரை, வெள்ளை ஓக்கில் ஆறுக்கு மேல்.

இரண்டரை மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதைத் தடுத்து நிறுத்தப் பார்த்தால் மரம் வேறு வழி தேடும். ஒன்று வெடிக்கும், இல்லை நெளியும், இல்லை மூட்டைப் பிடுங்கும். அதனால் எந்தப் பெட்டியைப் பார்த்தாலும் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்த இடத்தில் தொடும் இரண்டு துண்டுகளும் சேர்ந்தே நகருமா, தனித்தனியாக நகருமா? சேர்ந்து நகர்ந்தால் தாராளமாகப் பசை. தனித்தனி என்றால் பசைக்கு அங்கே வேலை இல்லை. காடி (நெடுகச் செதுக்கிய பள்ளம்), நீள்துளை, மர ஆணி என்று வேறு ஏதாவது பார்க்க வேண்டும்.

வேலையைப் பார்க்க வந்த அக்கா கேட்டாள்: "எதுக்குடா இவ்வளவு யோசனை? நாலு பலகை, நாலு பக்கமும் ஆணி. நிக்காதா?"

"நிக்கும்க்கா. முந்நூறு வருஷம்கூட நிக்கும். ஆனா முன்பலகை வெடிச்சிருக்கும்."

இதை நக்கலுக்குச் சொல்லவில்லை. ஐரோப்பாவில் 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் சாதாரண வீடுகளுக்கு அப்படித்தான் பெட்டி செய்தார்கள். முன், பின், இரண்டு பக்கம், அடி, மூடி என்று ஆறே பலகை. பக்கப் பலகைகளில் நார் மேலிருந்து கீழாக ஓடும். அவையே தரைவரை நீண்டு காலாகவும் நிற்கும். முன்பின் பலகைகளில் நார் கிடைவாக்கில். இரண்டும் சேரும் இடத்தில் பட்டறையில் அடித்த இரும்பு ஆணி. இப்போது பாருங்கள்: பக்கப் பலகை உயரத்தில் நகராது, ஏனென்றால் அது அதன் நீளவாக்கு. முன்பலகை உயரத்தில் சுருங்கும், ஏனென்றால் அது அதன் அகலவாக்கு. ஆணி கொஞ்சம் வளைந்து கொடுக்கும். அதற்குமேல் போனால் முன்பலகை நெடுகப் பிளந்துகொள்ளும். அருங்காட்சியகங்களில் நிற்கும் பழைய ஆறுபலகைப் பெட்டிகள் பலவற்றில் அந்த வெடிப்பைப் பார்க்கலாம். ஆணிக்குப் பதில் அங்கே பசை போட்டிருந்தால் வளைந்து கொடுக்கக்கூட வழி இருந்திருக்காது.

சரி, நம் பெட்டிக்கு வருவோம். நான்கு சுவர்களிலும் நாரைக் கிடைவாக்கில் சுற்றி ஓடவிட்டால் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும். நான்கும் உயரத்தில் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். மூலையில் சண்டை இல்லை. ஆகவே மூலைகளில் பசை போடலாம். எந்த மூட்டு என்பது அடுத்த கேள்வி.

ஒரு பலகையின் வெட்டுமுகத்தை, அதாவது நாருக்குக் குறுக்கே அறுத்த முனையை, இன்னொன்றின் மேல் வைத்து வெறுமனே ஒட்டுவது பெட்டிக்கு ஆகாது. வெட்டுமுகத்தில் நார்க்குழாய்கள் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். பசையை உள்ளே இழுத்துவிடும். மேலே தங்குவது கொஞ்சம்தான். முன்பலகையில் ஒரு காடி வெட்டிப் பக்கப் பலகையை அதில் உட்கார வைத்தால் நேராக நிற்கும், அடுக்க எளிது. ஆனாலும் ஒரு முகம் வெட்டுமுகம்தான். மர ஆணியோ திருகாணியோ துணைக்கு வேண்டும். கருவிகளுக்கான சின்னப் பெட்டி என்றால் நான் இதையே செய்வேன்.

விரல் மூட்டு, இரண்டு கைவிரல்களைக் கோத்த மாதிரி இருக்குமே, அது பசையின் மூட்டு. கணக்கைப் பாருங்கள். 22 மி.மீ. தடிப்பு, 450 மி.மீ. உயரம், ஒவ்வொரு விரலும் 10 மி.மீ. என்றால் ஒரு மூலையில் 45 விரல்கள், அவற்றுக்கு இடையே 44 தொடுமுகங்கள். ஒவ்வொன்றும் 22-க்கு 22. மொத்தம் 21,000 சதுர மில்லிமீட்டருக்கு மேல், அவ்வளவும் நார்ப்பக்கம், அதாவது நார் நெடுக ஓடும் முகம். வெறும் ஒட்டு மூட்டில் கிடைப்பது 9,900 சதுர மில்லிமீட்டர், அதுவும் ஒரு பக்கம் வெட்டுமுகம். அறுப்பு மேசையும் ஒரு வழிகாட்டிப் பலகையும் இருந்தால் விரல் மூட்டை வேகமாக வெட்டிவிடலாம். குறை ஒன்றுதான்: பசை போனால் எல்லாம் போயிற்று. விரல்கள் நேரானவை, எந்தப் பக்கம் இழுத்தாலும் உருவிக்கொள்ளும்.

புறாவால் மூட்டில் பசை இல்லாமலே ஒரு திசையில் பூட்டு விழுந்துவிடும். ஒரு பலகையில் வால், மறு பலகையில் அந்த வால்களுக்கு நடுவே நுழையும் முளை. வால் உள்பக்கம் குறுகி வெளிமுனையில் விரிவதால், வால்பலகையின் நீளத் திசையில் எவ்வளவு இழுத்தாலும் முளைப்பலகை கழன்று வராது. அதனால் வாலை எந்தப் பலகையில் வெட்டுவது என்பது அழகு சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை. இழுபடும் திசை எது என்று பார்க்க வேண்டும். இழுப்பறையில் முகப்பைப் பிடித்து இழுக்கிறோம், ஆகவே வால்கள் பக்கப் பலகையில். பெட்டியில் கைப்பிடி இருப்பது இரண்டு குறுகிய பக்கங்களில். நிறைய சாமானோடு தரையில் இழுக்கும்போது, இழுபடுவது அந்தக் குறுகிய பலகை, பெட்டியின் நீளத் திசையில். ஆகவே வால்கள் முன்பின் நீளப் பலகைகளில், முளைகள் பக்கப் பலகைகளில்.

'அப்படியானால் உள்ளே திணித்த கம்பளி முன்பலகையை வெளியே தள்ளினால்?' நல்ல கேள்வி. அந்தத் திசையில் பூட்டு இல்லை, பசை மட்டும்தான். இதற்குப் பெட்டியின் அடியைச் சுற்றி ஒரு பட்டை ஓடவிட்டு, அந்தப் பட்டையின் மூலைகளில் வால்களைத் தலைகீழாக, அதாவது குறுகிய பட்டைகளில் வெட்டுவேன். பெட்டி ஒரு திசையில் பூட்டிக்கொள்ளும், பட்டை மறு திசையில். பட்டையின் நாரும் கிடைவாக்கில் ஓடுவதால் சுவரோடு சேர்ந்தே நகரும். முழு நீளத்துக்கும் பசை போடலாம்.

வாலின் சரிவுக்குப் பழைய வழக்கம் மென்மரத்தில் ஆறுக்கு ஒன்று, கடின மரத்தில் எட்டுக்கு ஒன்று. மகாகனி ரொம்பக் கடினமும் இல்லை, ரொம்ப மிருதுவும் இல்லை. நான் ஏழுக்கு ஒன்று வைத்தேன். இதை வைத்துச் சண்டை போடுகிறவர்கள் இருக்கிறார்கள். சரிவு ரொம்ப அதிகமாகப் போனால் வாலின் முனைகளில் நார் குறுகி உடையும், ரொம்பக் குறைந்தால் விரல் மூட்டாகிவிடும். நடுவில் எதுவானாலும் பெட்டி நிற்கும்.

அதைவிட முக்கியமாக நான் நினைப்பது இரண்டு. ஒன்று, பலகையின் எந்த முகம் வெளியே. பலகை காயும்போது பட்டைப்பக்க முகம் குழியும், நடுவைரப் பக்கம் புடைக்கும். வைரப்பக்கத்தை வெளியே வைத்தால் பலகையின் மேல்கீழ் விளிம்புகள் உள்பக்கமாக வளையப் பார்க்கும். மூட்டின் ஓரங்கள் வாய் திறக்காது. இரண்டாவது, வால்களின் இடைவெளி. குழியும் இழுப்பு ஓரங்களில்தான் அதிகம். அதனால் மேலும் கீழும் வால்களைக் கொஞ்சம் சின்னதாக நெருக்கி, நடுவில் அகலமாக விட்டேன். எல்லாம் ஒரே அளவில் இருந்தால் இயந்திரம் வெட்டியது போலத் தெரியும் என்பது ஒரு பக்கம். அது என் ரசனை, விட்டுவிடலாம்.

என்னிடம் இருந்த பலகைகள் 25 செ.மீ. அகலம். 45 வேண்டும் என்றால் இரண்டை விளிம்போடு விளிம்பு ஒட்டியாக வேண்டும். இதுதான் பசை தன் முழு பலத்தையும் காட்டும் இடம். நாரும் நாரும் ஒரே திசை, சேர்ந்தே நகரும். நடுவில் குச்சி, பிஸ்கட் (மூட்டுக்குள் செருகும் மரவில்லை) எதுவும் தேவையில்லை. விளிம்பை இழைக்கும்போது நடுவில் ஒரு மெல்லிய சீவல் கூடுதலாக எடுத்து, இரண்டு பலகையையும் சேர்த்து வைத்தால் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரியும்படி விட்டேன். கிளாம்ப் அதை மூடிவிடும். முனைகள் எப்போதும் அழுத்தத்தில் இருக்கும். பலகையின் முனைகள்தான் முதலில் காய்ந்து சுருங்கும், அங்கேதான் ஒட்டு பிரியத் தொடங்கும் என்பதால் இந்த ஏற்பாடு. இன்னொன்று: முன்பலகையின் ஒட்டுக் கோடும் பக்கப் பலகையின் ஒட்டுக் கோடும் மூலையில் ஒரே மட்டத்தில் வராதபடி ஒன்றை 21-24 ஆகவும் மற்றதை 24-21 ஆகவும் பிரித்துக்கொண்டேன். கோடு ஒரு வாலின் நடுவில் விழட்டும், ஓரத்தில் விழ வேண்டாம்.

இந்த ஒட்டுக்கு வெள்ளைப் பசைதான், பி.வி.ஏ. வகை. எல்லோர் வீட்டிலும் இருப்பது. சாதாரண அறைக்குள் இருக்கும் பெட்டிக்கு இது போதும். தண்ணீர் படும் இடம் என்றால் குப்பியில் டி3, டி4 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கலாம். ஈரத்தைத் தாங்கும் திறனுக்கான ஐரோப்பியத் தரவரிசை அது. டி1 உலர்ந்த அறைக்கு, டி4 அதிகம் தாங்கும். போர்வைப் பெட்டிக்கு டி4 வாங்குவது வெறும் ஆசை.

மூலைகளுக்கு வந்ததும் யோசனை மாறியது. பி.வி.ஏ. தண்ணீரில் கலந்த பசை. தடவிய உடனே மரம் அந்தத் தண்ணீரைக் குடித்து உப்பும். காய்ந்த நிலையில் கச்சிதமாக உட்கார்ந்த புறாவால், பசை பட்டதும் ஒரு சுற்று தடித்து, பாதி வழியில் அடித்தாலும் இறங்க மறுக்கும். அதோடு இந்தப் பசையைத் தடவியபின் மூட்டைச் சேர்க்கக் கிடைக்கும் நேரம் ஐந்திலிருந்து பத்து நிமிடம். நான்கு மூலை, ஒவ்வொன்றிலும் பத்துப் பன்னிரண்டு வால், ஒவ்வொரு வாலுக்கும் இரண்டு கன்னம். தனியாளாக அந்த நேரத்துக்குள் தடவி, அடுக்கி, மூலைமட்டம் பார்த்து, கிளாம்ப் போடுவது பதற்றத்துக்கு வழி. பதற்றத்தோடு கொட்டாப்புளியை (மரச் சுத்தியலை) கையில் எடுக்கக் கூடாது என்பது என் கொள்கை.

எபாக்ஸிக்கு நேரம் உண்டு, தண்ணீர் கிடையாது, இடைவெளியையும் நிரப்பும். தேக்கு போல எண்ணெய்ப் பசை உள்ள மரத்துக்கு அது நல்ல துணை. தேக்குக்கு எந்தப் பசை போட்டாலும் அப்போதுதான் இழைத்த முகமாக இருக்க வேண்டும், அல்லது ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்க வேண்டும். ஆனால் எபாக்ஸி காய்ந்தபின் அதைப் பிரிப்பது பெரும்பாடு. தோலில் அடிக்கடி பட்டால் சிலருக்கு ஒவ்வாமை வந்துவிடும். ஒருமுறை வந்தால் பிறகு கொஞ்சம் பட்டாலும் வரும். கையுறை இல்லாமல் தொடவே கூடாது. கிளாம்பை இறுக்கித் தள்ளினால் பசை முழுக்க வெளியே பிதுங்கி, மூட்டு பட்டினி கிடக்கும். பாலியூரித்தேன் பசை இன்னொரு ரகம். காற்றின் ஈரத்தில் இறுகும், இறுகும்போது நுரைத்துப் பொங்கும். பொங்கி இடைவெளியை அடைத்ததைப் பார்த்து நிறைந்துவிட்டது என்று ஏமாறுகிறவர்கள் உண்டு. அந்த நுரைக்குப் பலம் கிடையாது. விரலில் பட்டால் கறுத்துப்போய்த் தோல் உரியும்வரை கூடவே வரும்.

நான் போய் நின்றது வஜ்ஜிரத்தில். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுக்கும் பழைய பசை. எகிப்தில் ரெக்மிரே என்ற அமைச்சரின் கல்லறைச் சுவரில் தச்சர்கள் வேலை செய்யும் ஓவியம் ஒன்று இருக்கிறது. அதில் பசைச் சட்டி அடுப்பில் ஏறியிருக்கும். மூவாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு மேலான ஓவியம். இன்றைக்கும் வயலின் செய்கிறவர்களும் பழைய மரச்சாமான் பழுது பார்க்கிறவர்களும் இதை விடவில்லை. காரணம் பழமைப் பற்று இல்லை. சூடும் ஈரமும் காட்டினால் மூட்டு பிரியும். மறுபடி ஒட்டும்போது புதிய வஜ்ஜிரம் பழைய வஜ்ஜிரத்தின் மேலேயே பிடிக்கும். பி.வி.ஏ. காய்ந்த முகத்தின் மேல் எதுவும் ஒழுங்காக ஒட்டாது, முழுக்கச் சுரண்டி மரத்தைத் தொட்டாக வேண்டும். புறாவாலில் சுரண்டினால் மூட்டு தளர்ந்துவிடும்.

மணிமணியாகக் கிடைக்கும் வஜ்ஜிரத்தைக் குளிர்ந்த தண்ணீரில் ஊறவைத்து, தண்ணீர்ச் சட்டிக்குள் இன்னொரு சட்டி வைத்து ஏறக்குறைய 60 டிகிரியில் உருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பலம் போய்விடும். மணிகளுக்கும் தர எண் உண்டு. மரச்சாமானுக்கு 192 என்ற எண் பொதுவானது. எண் கூடக்கூடப் பலமும் கூடும், உறையும் வேகமும் கூடும். சூட்டோடு தடவினால் ஒரு நிமிடத்தில் கூழாகிவிடும் என்பது இதன் தொல்லை. பெட்டி மூலைக்கு அது தோதில்லை. யூரியா கலந்து, அறைச் சூட்டிலும் திரவமாகவே நிற்கும்படி செய்த வஜ்ஜிரம் குப்பியில் வருகிறது. அதைத்தான் எடுத்தேன். நிதானமாக அடுக்க நேரம் தரும். அதைவிடப் பிடித்தது, அது வழுக்கும். பி.வி.ஏ. இறுக்கிப் பிடிக்கும் இடத்தில் இது மூட்டை உள்ளே நழுவவிடும். குப்பியில் போட்டிருக்கும் காலாவதித் தேதியை மட்டும் மதிக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் இரண்டு விரலுக்கு நடுவே ஒரு சொட்டு வைத்து, காயக் காயத் தட்டித் தட்டிப் பார்ப்பேன். நூல் நூலாக இழுத்தால் உயிரோடு இருக்கிறது.

இதற்கும் பலவீனம் உண்டு. வெயிலும் மழையும் படும் திண்ணையிலோ, உலையாகக் கொதிக்கும் கூரையடியிலோ வைக்கப்போகும் பெட்டி என்றால் வஜ்ஜிரம் பக்கமே போக மாட்டேன். அக்காவின் பெட்டி படுக்கையறைக் கட்டிலின் காலடியில் இருக்கப்போவது.

மூட்டு வெட்டுவதைப் பற்றி அதிகம் எழுதப்போவதில்லை. அதற்கு ஆயிரம் பேர் இருக்கிறார்கள். ஒன்று மட்டும். பென்சில் கோட்டுக்கு அகலம் உண்டு, கத்திக் கோட்டுக்குக் கிடையாது. வால்களை அறுத்து முடித்ததும் அந்தப் பலகையை முளைப்பலகையின் மேல் வைத்துக் கத்தியால் கீறி, கோட்டை விட்டுவைத்து வெளிப்பக்கம் அறுத்தால், உளிக்கு வேலை குறையும். பசையில்லாமல் பொருத்திப் பார்ப்பதைப் பாதி ஆழத்தோடு நிறுத்திக்கொள்வேன். முழுக்க இறக்கிப் பிடுங்கி, மறுபடி இறக்கிப் பிடுங்கினால் முகங்கள் நசுங்கி மூட்டு தளரும். எவ்வளவு இறங்கியது என்பதைக் கண்ணைவிடக் காது நன்றாகச் சொல்லும். கொட்டாப்புளி அடிக்கு முதலில் 'டொக் டொக்' என்று கூடாகக் கேட்கும். அடிவரை உட்கார்ந்ததும் ஓசை சட்டென்று இறுகி ஒரே கட்டையைத் தட்டுவது போல மாறும். அதற்குமேல் ஓர் அடி அடித்தாலும் அது வீண் அடி, வாலின் ஓரம் பிளக்கும்.

ஒட்டும் நாளில் முதல் வேலை, உள்பக்கத்துக்குப் பூச்சு. பெட்டி எழுந்து நின்றபின் உள்மூலைகளில் தேய்க்கவும் முடியாது, துடைக்கவும் முடியாது. மூட்டு வரும் முகங்களில் நாடா ஒட்டி மறைத்துவிட்டு, உள்முகங்களுக்கு அரக்கு வார்னிஷ் இரண்டு கை போட்டேன். ஆளி எண்ணெய் வகைகளை மூடிய பெட்டிக்குள் போட்டால் வாடை லேசில் போகாது, போர்வையெல்லாம் மணக்கும். பூசிய முகத்தில் பிதுங்கிய பசை ஒட்டாது என்பது கூடுதல் வசதி. ரப்பர் பதத்துக்கு வந்ததும் உளியின் முதுகால் நெம்பினால் சுருளாக வந்துவிடும். ஈரமாக இருக்கும்போதே துணியால் தேய்த்தால் பசை மரத்தின் துவாரங்களில் இறங்கி, மேல்பூச்சு போடும்போது வெளுப்பாகத் தெரியும்.

பசையை வால், முளை இரண்டின் கன்னங்களில், அதாவது நார்ப்பக்க முகங்களில் மட்டும் சின்னத் தூரிகையால் தடவினேன். வெட்டுமுகங்களுக்குக் கிடையாது. அங்கே தடவுவது குடிக்கிறவனுக்குக் கடன் கொடுக்கிற கதைதான். கிளாம்ப் வாலின் மேல் அழுத்த வேண்டும், துருத்தி நிற்கும் முளை முனைகளின் மேல் அல்ல. அதனால் முளைகள் வரும் இடத்தில் பள்ளம் வெட்டிய கட்டைகளை நடுவில் கொடுத்தேன். அப்புறம் மூலைவிட்டம். ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை, பிறகு மற்ற இரண்டு. இரண்டும் ஒரே அளவாக இருக்க வேண்டும். இரண்டு மில்லிமீட்டர் வித்தியாசம் வந்தது. நீளமான விட்டத்தின் திசையில் ஒரு கிளாம்பைச் சாய்த்துப் போட்டு மெல்ல இறுக்கினால் சரியாகிவிடும், வஜ்ஜிரம் அதற்கும் நேரம் கொடுத்தது.

இனி அடியும் மூடியும். பசையை விலக்கி வைக்கும் இடங்கள் இவைதான்.

அடிக்கு ப்ளைவுட் போட்டால் கவலையே இல்லை. அது அசையாது, காடியில் பசை போட்டே உட்கார வைக்கலாம். நான் மரத்திலேயே போட்டேன், பிடிவாதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சிறு பலகைகளை முன்னிருந்து பின்னாக, குறுக்காக அடுக்கி, ஒன்றின் நாக்கு அடுத்ததன் காடியில் நுழையும்படி. பலகைகள் உட்காரும் கட்டைகளைச் சுவரின் உள்பக்கம் பி.வி.ஏ. பசையால் ஒட்டினேன், கட்டையின் நாரும் சுவரின் நாரும் ஒரே திசை. ஒட்டிய அந்தக் கட்டைகளின் மேல் பலகைகள் சும்மா படுத்திருக்கின்றன. ஒவ்வொரு பலகைக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டர் விட்டு, பலகைக்கு முன்னால் ஒரு திருகாணி, பின்னால் ஒரு திருகாணி, அதுவும் அகலத்தின் நடுவில். ஒவ்வொரு பலகையும் தன் நடுக்கோட்டைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஏறி இறங்கட்டும். நாக்கில் ஒரு சொட்டுப் பசை பட்டாலும் எல்லாம் ஒரே அகலப் பலகையாகிவிடும், பிறகு ஒரு மீட்டர் நீளத்துக்கும் சேர்த்து ஒரே இடத்தில் வெடிக்கும்.

மூடிக்குச் சட்டமும் மிதக்கும் பலகையும் வைத்துக் கழுந்து மூட்டில் (ஒன்றின் முனை மற்றதன் துளைக்குள் நுழையும் மூட்டு) செய்வது மிகப் பத்திரமான வழி. அகலவாக்கில் நகர்வது சட்டத்தின் ஐந்தாறு செ.மீ. மட்டுமே; நடுப்பலகை காடிக்குள் தன்பாட்டுக்கு நகரும். ஆனால் அக்காவுக்கு மேலே உட்கார வேண்டுமாம், மொழுமொழுவென்று ஒரே பலகையாக வேண்டுமாம். ஆகவே 45 செ.மீ. அகலத்தில் ஒரே மூடி, நெளியாமல் இருக்க அடியில் குறுக்காக இரண்டு சட்டங்கள். மூடியின் நார் நீளவாக்கு, சட்டத்தின் நார் அதற்குக் குறுக்கே. சேர்ந்து நகராத இரண்டு துண்டுகள். அந்த இரண்டரை மில்லிமீட்டர் இங்கேதான் வரும். நடுத் திருகாணிக்கு வட்டத் துளை, ஓரத் திருகாணிகளுக்குச் சட்டத்தின் நீளவாக்கில் எட்டு மில்லிமீட்டர் நீள்துளை, தலைக்கு அடியில் வாஷர். இறுக்கிவிட்டுக் கால் சுற்று தளர்த்திவிட்டேன். சட்டத்துக்கும் மூடிக்கும் நடுவே பசை இல்லை. மெழுகு தேய்த்தேன், வழுக்குவதற்கு. சட்டங்கள் பெட்டியின் உள்ளே இறங்குவதால், அவற்றின் முனைகளுக்கும் முன்பின் சுவர்களுக்கும் இடையில் மூன்று மில்லிமீட்டர் விட்டிருக்கிறேன்.

எல்லாம் முடிந்ததும் பெட்டியைக் கவிழ்த்து, அடிப்பலகையில் பென்சிலால் எழுதிவைத்தேன்: மூலைகளில் வஜ்ஜிரம், பலகை ஒட்டு, அடிப்பட்டை, அடிக்கட்டைகளில் பி.வி.ஏ.; அடிப்பலகைகளிலும் மூடிச் சட்டத்திலும் பசை இல்லை. பழுது பார்க்க வருகிறவர் சுடுதண்ணீரை எடுப்பதா, ரம்பத்தை எடுப்பதா என்று தெரிந்துகொள்ள அது போதும்.